கல்லூரியில் வெளிநாட்டுத் தொடர்புப் பொறுப்பு: ஏற்கலாமா, நழுவிவிடலாமா?

தக்கலைக்காரி
எல்லோருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் ஒரு உதவி பெறும் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். போன வாரம் முதல்வர் கூப்பிட்டு, "சர்வதேச உறவுகள் உங்க பாடம்தானே டீச்சர், அப்போ வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவையும் நீங்களே பாருங்க" என்று ஒரு ஃபைலைக் கையில் தந்துவிட்டார். திறந்து பார்த்தால் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கிறது. வரிசையாகப் பொன்னாடை, குத்துவிளக்கு, கைகுலுக்கல். நடுநடுவே புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், அதில் பாதி காலாவதி. ஒரு மாணவர் போனார், ஒரு மாணவர் வந்தார் என்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை.

துறையில் மூத்தவர்கள், "அது கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழு வரும்போது காட்ட வேண்டிய ஃபைல், அதில் போய்த் தலையைக் கொடுக்காதே, கட்டுரை எழுதுகிற வழியைப் பார்" என்கிறார்கள். ஆனால் வெளிநாட்டில் சில அரசியல் அறிவியல் பேராசிரியர்கள் பல்கலைக்கழகங்களுக்கிடையே படிப்புகளை உருவாக்குவதையே வாழ்நாள் வேலையாகச் செய்திருக்கிறார்கள் என்று கேள்வி. அது உண்மையில் என்ன வேலை? நம்ம ஊரில் இருந்துகொண்டு செய்ய முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாஞ்சில்_சந்தேகி
வேண்டாம் டீச்சர். பதவி உயர்வுக்கு யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2018 விதியை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டில் போய் ஒரு உரை நிகழ்த்தினால் 7 புள்ளி. இங்கே உட்கார்ந்து வருடக்கணக்கில் ஒரு பரிமாற்றத் திட்டத்தை நடத்தினால் "ஒருங்கிணைப்பாளர்" என்று ஒரு கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான்.

குளச்சல்1741
சர்வதேச உறவுகள் நடத்துகிறவர் வெளிநாட்டுத் தொடர்பைப் பார்க்க வேண்டும் என்றால், விலங்கியல் டீச்சர் கேன்டீன் பின்னால் நிற்கிற நாய்களைப் பார்த்துக்கொள்ள வேண்டுமா? முதல்வருடைய தர்க்கம் பிரமாதம்.

பழைய_வாத்தியார்
மார்த்தாண்டம் பக்கம்தான் சொந்த ஊர். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்று இப்போது ஊரோடு வந்துவிட்டேன். வேலைக்காலத்தில் பெரும்பகுதி டீச்சர் கேட்கிற இந்த வேலையில்தான் போனது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குளச்சல் தம்பி சிரிக்கிறார், சிரிக்கட்டும். ஆனால் முதல்வர் சொன்னதில் அவருக்கே தெரியாத ஒரு வரலாறு இருக்கிறது. நியூயார்க் சிட்டி காலேஜில் ஸ்டீபன் டக்கன் என்று ஒரு அரசியல் அறிவியல் பேராசிரியர். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919ல், எலிஹு ரூட், நிக்கோலஸ் பட்லர் என்ற இரண்டு பெரிய புள்ளிகளோடு சேர்ந்து சர்வதேசக் கல்வி நிறுவனம், அதாவது ஐஐஇ, என்பதைத் தொடங்கினார். நாடுகள் ஒன்றையொன்று அறியாமல் சண்டை போடுகின்றன, மாணவர்களும் ஆசிரியர்களும் அங்குமிங்கும் போய் வந்தால் அது குறையும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நம்பிக்கை பலித்ததா என்பது வேறு கதை, இருபது வருடத்தில் அடுத்த போர் வந்துவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது டக்கன் தினமும் செய்த வேலை. 1921ல் அமெரிக்கா குடியேற்றத்துக்கு நாடுவாரியாக ஒதுக்கீடு போட்டபோது, படிக்க வருகிறவன் குடியேறுகிறவன் அல்ல, அவனைத் தனியாக எண்ணுங்கள் என்று அரசாங்கத்தோடு வாதாடி மாணவர் விசாவுக்குத் தனி வகை வாங்கிக் கொடுத்ததில் அவருடைய நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1933ல் ஹிட்லர் யூதப் பேராசிரியர்களை விரட்டத் தொடங்கியதும், அவர்களுக்கு அமெரிக்காவில் இடம் தேடிய அவசரக் குழுவுக்குச் செயலாளரும் அவர்தான். அவருக்கு உதவியாளராக இருந்த இளைஞர் எட்வர்ட் மரோ, பின்னால் ரேடியோவில் பெரிய பெயர் எடுத்தவர்.

விசா, பணம், இடம், கடிதம். வேலை இந்த நான்கும்தான். மேடையும் பொன்னாடையும் வருடத்தில் ஒரு நாள்.

நான் தொடங்கியது ஒரு கோடைக்காலப் பயணப் பாடத்தில். ஒரு ஆசிரியர், ஒரு வண்டி மாணவர்கள், மூன்று வாரம், மூன்று கிரெடிட். அங்கே மூன்று கிரெடிட் என்றால் ஏறக்குறைய 45 மணி நேர வகுப்பு. அதை மூன்று வாரத்தில் அடைக்க வேண்டும், பேருந்தில் போகிற நேரத்தைக் கணக்கில் சேர்க்க விடமாட்டார்கள். ஆசிரியருடைய டிக்கெட்டும் தங்கும் செலவும் மாணவர்கள் கட்டுகிற பணத்திலிருந்துதான் வர வேண்டும். அதனால் கடைசி நேரத்தில் இரண்டு பேர் விலகினால் மீதிப் பேருக்குச் செலவு ஏறும், செலவு ஏறினால் இன்னும் இரண்டு பேர் விலகுவார்கள். முதல் வருடங்களில் எனக்குத் தூக்கம் கெட்டது அரசியல் கோட்பாட்டால் இல்லை, இந்தக் கணக்கால்தான்.

அப்புறம் இருதரப்புப் பரிமாற்றம். அவரவர் கட்டணத்தை அவரவர் கல்லூரியில் கட்டிவிட்டு இடத்தை மட்டும் மாற்றிக்கொள்வது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஆள் வந்துகொண்டே இருந்தால் மற்றப் பக்கத்து நிதி அலுவலர் கேள்வி கேட்பார். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செமஸ்டருக்கு ஒருவர் வந்தால், எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேரைக் கோடைக்காலப் படிப்புக்கு அனுப்பி ஈடு கட்டுவோம். இந்தப் பற்று வரவு நோட்டை ஒழுங்காக வைத்திருக்கிற இடத்தில்தான் திட்டம் நிலைக்கும். துணைவேந்தர்களுடைய நட்பை மட்டும் நம்பிய திட்டங்கள் அந்தத் துணைவேந்தரோடு போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

தக்கலைக்காரி
நன்றி சார். கிரெடிட் விஷயத்தில்தான் சந்தேகம். எங்கள் மாணவி ஒருத்தி வெளியே போய் ஒரு பேப்பர் படித்துவிட்டு வந்தால், அதை இங்கே யார் ஏற்றுக்கொள்வது? நாங்கள் தன்னாட்சிக் கல்லூரி இல்லை. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்.

ஆபீஸ்_சூப்பிரண்டு
கல்லூரி அலுவலகத்தில் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன். இதற்கு நான் சொல்கிறேன்.

யுஜிசி 2022 மே மாதம் ஒரு விதிமுறை கொண்டுவந்தது. இந்திய நிறுவனமும் வெளிநாட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் படிப்பு மூன்று வகை. ட்வின்னிங், அதாவது ஒரு பகுதியை வெளியே படித்தாலும் பட்டம் நம் பக்கமே தருவது, என்றால் வெளியே எடுக்கும் கிரெடிட் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டம் என்றால் இரண்டு பக்கமும் குறைந்தது 30 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். இரட்டைப் பட்டம் என்றால் நம் பக்கம் குறைந்தது 30. யார் செய்யலாம்? நாக் மதிப்பெண் குறைந்தது 3.01 இருக்க வேண்டும், அல்லது என்ஐஆர்எஃப் என்ற தேசியத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100, அல்லது சிறப்பு அந்தஸ்து பெற்ற நிறுவனம். எதிரில் இருப்பவர் டைம்ஸ் அல்லது க்யூஎஸ் உலகத் தரவரிசைப் பட்டியலில் முதல் 1000க்குள் இருக்க வேண்டும். டீச்சர் அந்த ஃபைலில் உள்ள ஒப்பந்தங்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒன்றும் தேறாது என்பது என் ஊகம்.

இணைப்புக் கல்லூரியாக இருக்கும்வரை பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவைத் தாண்டி ஒரு கிரெடிட்டும் நகராது. அதனால் பட்டம், கிரெடிட் என்று தொடங்காதீர்கள். நம்ம சிலபஸில் ஏற்கெனவே இருக்கிற ஒரு பேப்பருக்குள்ளேயே, உள்மதிப்பீட்டுக்கு உரிய பங்கில், வெளிநாட்டு வகுப்போடு சேர்ந்து ஒரு வேலை கொடுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதிக்குப் போய் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து ஹாஸ்டலில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் போட வேண்டும், ஆன்லைனில்தான். எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் சி படிவம். நாங்கள் இருந்த காலத்தில் ஒரு கருத்தரங்குக்கு வந்த வெளிநாட்டுக்காரரை விருந்தினர் அறையில் தங்க வைத்துவிட்டு எல்லோரும் சாப்பாட்டுக்கு மீன் வாங்குவதில் மும்முரமாக இருந்தார்கள். படிவத்தை யாரும் நினைக்கவில்லை. அடுத்த நாள் காலை கேட்டில் போலீஸ்.

குளச்சல்1741
மீன் நல்ல மீன்தானா அண்ணாச்சி?

ஆபீஸ்_சூப்பிரண்டு
நெய்மீன். போலீஸ்காரருக்கும் ஒரு துண்டு போனது.

நாஞ்சில்_சந்தேகி
எல்லாம் சரி. யாருக்காக இந்தத் திட்டங்கள் என்று யாரும் கேட்கமாட்டேன் என்கிறீர்களே. ஸ்புட்னிக் 1957ல் பறந்தது, அடுத்த வருடமே அமெரிக்கா பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு அயல்மொழிக்கும் வட்டார ஆய்வுக்கும் பணம் கொட்டியது. பிஎல் 480 என்ற சட்டத்தின் கீழ் இந்தியாவுக்குக் கோதுமை விற்றுக் கிடைத்த ரூபாயை வைத்து 1962 முதல் நம்ம மொழிப் புத்தகங்களை மூட்டை மூட்டையாக வாங்கி அவர்களுடைய நூலகங்களில் அடுக்கினார்கள். அந்தக் காலத்தில் ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க அரசியல் அறிவியல்காரர் நாடார் சமூகத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி 1969ல் வெளியிட்டார். நல்ல புத்தகம், நானும் மேற்கோள் காட்டியிருக்கிறேன். கேள்வி அது இல்லை. அங்கிருந்து ஒருவர் வந்து தோள்சீலைப் போராட்டத்தை ஆராய முடிந்தது. இங்கிருந்து ஒருவர் போய் டெக்சாஸில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைப் போராட்டத்தை ஆராய எத்தனை பேருக்குப் பணம் கிடைத்தது? அவர்களுக்கு நாம் களம், நமக்கு அவர்கள் சான்றிதழ். இதற்குப் பெயர் பரிமாற்றமா?

பழைய_வாத்தியார்
சந்தேகியின் கேள்வி நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. அங்கே நான் உட்கார்ந்த கூட்டங்களில் "நம் மாணவர்களுக்கு இதில் என்ன அனுபவம் கிடைக்கும்" என்று கேட்பார்கள், "அந்தக் கல்லூரிக்கு என்ன கிடைக்கும்" என்று கேட்டவர்கள் குறைவு. மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடு மாற்றி அனுப்ப அமெரிக்க அரசு தொடங்கிய ஃபுல்பிரைட் திட்டத்தையே பாருங்கள். சட்டம் 1946ல் வந்தது, இந்தியா 1950ல் சேர்ந்தது. 2008ல் இந்திய அரசும் சரிபாதிப் பணம் போட ஒப்புக்கொண்ட பிறகுதான் நேருவின் பெயரும் சேர்ந்தது. பணம் போடாதவன் பேச்சு அம்பலம் ஏறாது.

அதே சமயம் எல்லாமே அவர்கள் கட்டியதுதான் என்று நினைக்க வேண்டாம். டீச்சர், நீங்கள் முதல் வருடத்தில் ஏ. அப்பாதுரையின் பாடநூலைப் புரட்டியிருப்பீர்கள். சென்னை லயோலாவில் வாத்தியாராக இருந்தவர். டெல்லியில் உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சிலை நிர்வாகம் செய்துவிட்டு, 1955ல் தொடங்கிய சர்வதேச ஆய்வுப் பள்ளிக்கு முதல் இயக்குநர் ஆனார். புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாடு, ஒவ்வொரு வட்டாரத்தையும் பற்றிச் சொந்தமாக ஆள் தயாரிக்க வேண்டும், மேற்கே எழுதியதை மட்டும் படித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அந்தப் பள்ளிதான் 1970ல் ஜேஎன்யுவோடு இணைந்தது. பாடநூல் எழுதிய அப்பாதுரையை எல்லோருக்கும் தெரியும். நிறுவனம் கட்டிய அப்பாதுரையை யாரும் பேசுவதில்லை. இந்த வேலையின் தலையெழுத்து அது.

தூத்தூர்க்கடல்
களம் என்று சொன்னீர்களே, அதில் ஒரு வார்த்தை. நான் படித்தது கொஞ்சம், பேராசிரியர் எல்லாம் இல்லை. எங்கள் ஊர்ப் போட்டுகள் சுறா தேடி அரபிக்கடல், இந்துமாக்கடல் முழுக்கப் போகும். இந்துமாக்கடலில் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டீகோ கார்சியா பக்கம் போய் இங்கிலாந்துக்காரர்களிடம் பிடிபட்டு, அபராதம் கட்டி, போட்டை இழந்து வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தத் தீவுகள் மொரீஷியஸுக்குச் சேர வேண்டியவை என்று சர்வதேச நீதிமன்றம் 2019ல் கருத்துச் சொன்னது, 2025 மே மாதம் இங்கிலாந்தும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இதை லண்டனில் வகுப்பெடுக்கிறார்கள். எங்கள் ஊரில் வலை பின்னுகிற தாத்தாவிடம் கேட்டால் அந்தத் தீவின் எந்தப் பக்கம் ரோந்துக் கப்பல் நிற்கும் என்று சொல்வார். அவரை யாராவது வகுப்புக்குக் கூப்பிட்டீர்களா டீச்சர்? ஒக்கி வந்த 2017ல் கேமராக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். திரும்பி வந்தவர் யாரும் இல்லை.

தக்கலைக்காரி
கூப்பிட்டதில்லை அண்ணன். நீங்கள் சொல்வதைப் படித்ததும் பாடமே வேறு மாதிரி தெரிகிறது.

குளச்சல்1741
இப்போது கிண்டல் இல்லாமல் பேசுகிறேன். மாநில மறுசீரமைப்பு என்று பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கிறது. நம்ம மாவட்டத்தில் அதை நடந்தே காட்டலாம். திருவிதாங்கூர் கொச்சியில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு 1956 நவம்பர் 1 அன்று அப்போதைய சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தன. அதற்கு முன் 1954 ஆகஸ்ட் 11ல் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. இவ்வளவு நடந்தும் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் டிக்கெட் கிழிப்பது கேரளத் தொல்லியல் துறை. நிலம் இங்கே, நிர்வாகம் அங்கே. பெல்ஜியத்திலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் ஒரு மாணவனுக்குக் கூட்டாட்சி என்றால் என்ன என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்? அவனுக்கு அவன் ஊர் மொழிச் சண்டை ஞாபகம் வரும், பேச்சு தானாகவே இரண்டு பக்கமும் ஓடும்.

ஜெர்மனி_குழித்துறை
அக்கா, நான் மாவட்டத்தில் பிஏ முடித்து இங்கே முதுகலை படிக்கிறேன். உங்கள் பிரிவு வேறு ஒன்றுமே செய்ய வேண்டாம், இதை மட்டும் செய்தால்கூட எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

விண்ணப்பித்த பல்கலைக்கழகம் ஒவ்வொரு பேப்பருக்கும் மாட்யூல் கையேடு கேட்டது. அதாவது எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் சுயமாகப் படிப்பு, என்ன நூல்கள், எப்படி மதிப்பீடு, ஒரு பேப்பருக்கு ஒரு பக்கம். ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வீட்டில் படிப்பதும் சேர்த்து, ஒரு வருடத்துக்கு 60. நம்ம ஊர்க் கிரெடிட் வகுப்பு மணி நேரத்தை மட்டும் எண்ணுகிறது. என் கையில் இருந்தது யூனிட் 1, யூனிட் 2 என்று தலைப்புகள் போட்ட ஒரு சிலபஸ் மட்டும். அதையும் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு தாளிலும் சீல் வாங்க அலைந்தேன். மதிப்பெண்ணும் அப்படித்தான், இங்கே 1.0 உச்சம், 4.0 பாஸ். நம்ம 75 சதவீதம், பாஸ் மார்க் 40 என்றால், அவர்களுடைய சூத்திரத்தில் 2.25 ஆக மாறும். இது தெரியாமல் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் தகுதியில்லாத இடத்துக்குப் போட்டு நிராகரிக்கப்படுகிறார்கள், அல்லது பயந்து போடாமலே விடுகிறார்கள். ஏஜென்சிக்காரர்கள் இதைச் சொல்லவே ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள்.

பணம் தனி. விசாவுக்காக ஒரு வருடச் செலவைப் போட்டுக் காட்டுகிற முடக்கக் கணக்கில் வைக்க வேண்டிய தொகையை 2024 செப்டம்பரில் 11,904 யூரோ ஆக்கினார்கள். அதனால் "எல்லோரும் வாங்க" என்று நான் சொல்லமாட்டேன்.

சோஃபியா கொராடி என்ற இத்தாலியப் பெண்மணியின் கதை தெரியுமா? 1950களின் இறுதியில் ஃபுல்பிரைட் உதவியோடு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துவிட்டு ரோமுக்குத் திரும்பினார். அந்தப் படிப்பு செல்லாது என்று அவருடைய பல்கலைக்கழகமே தள்ளிவிட்டது. அந்தக் கோபத்தில் பல வருடம் விடாமல் கடிதமும் மனுவுமாகத் துரத்தி, 1987ல் எராஸ்மஸ் திட்டம் வருவதற்கு முக்கியக் காரணமானார். அவரும் பேராசிரியர்தான். ஒரு கவுண்டரில் பட்ட அவமானம் அது.

நாஞ்சில்_சந்தேகி
மாட்யூல் கையேடு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஒப்பந்தமும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். ஆனால் டீச்சருடைய முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆராய்ச்சி செய்ய வேண்டிய வயதில் இதில் இறங்கினால் பிழைப்பு என்ன ஆகும்? வாத்தியார் நேராகப் பதில் சொல்லட்டும்.

பழைய_வாத்தியார்
நேராகவே சொல்கிறேன். அமெரிக்காவிலும் நிரந்தரப் பணி உறுதியாகும்வரை யாரும் இதில் முழுதாக இறங்குவதில்லை, இறங்கச் சொல்லவும் கூடாது. டென்யூர் கமிட்டி உங்கள் கட்டுரையை எண்ணும், நீங்கள் நள்ளிரவில் எடுத்த போன்களை எண்ணாது. ஒரு பையனுக்கு வெளிநாட்டில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனியோடும் அம்மாவோடும் மாறி மாறிப் பேசுவது நீங்கள்தான், காலையில் வகுப்பும் உண்டு. நான் எழுத நினைத்த ஒரு புத்தகம் இதில் கரைந்தது, அதற்காக வருத்தப்பட்டதும் உண்டு.

ஆனால் மக்களே, உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பாடத்தையும் இந்தப் பொறுப்பையும் தனித்தனியாக வைக்காதீர்கள். தூத்தூர்க்காரரும் குளச்சல் தம்பியும் சொன்னது இரண்டும் ஆராய்ச்சிப் பொருள்தான். எல்லை, கடல், மொழி, கூட்டாட்சி. அதே பொருளில் வெளிநாட்டில் வகுப்பெடுக்கிற ஒருவரைப் பிடியுங்கள், பல்கலைக்கழகத்தைப் பிடிக்க வேண்டாம். அவரோடு சேர்ந்து ஒரு ஆன்லைன் வகுப்பு, கூட்டாக ஒரு கட்டுரை. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2006லேயே இதற்கு ஒரு மையம் வைத்து முறைப்படுத்திவிட்டார்கள். இரண்டு வகுப்புகள், இரண்டு பக்கமும் கலந்த நான்கைந்து பேர் குழுக்கள், ஐந்தாறு வாரம், ஒரு பொதுவான வேலை. விசாவும் இல்லை, சி படிவமும் இல்லை. அது இரண்டு வருடம் ஒழுங்காக ஓடினால், அவரை இங்கே அழைக்கலாம். ஃபுல்பிரைட் ஸ்பெஷலிஸ்ட் போன்ற திட்டங்களில் இரண்டிலிருந்து ஆறு வாரம்வரை ஆள் வர வழி உண்டு. அமெரிக்கப் பணத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள், 2025 ஜூனில் ஃபுல்பிரைட் வாரிய உறுப்பினர்கள் ஏறக்குறைய எல்லோருமே ராஜினாமா செய்ததைப் பார்த்தோம்.

தொடங்கும்போதே உங்களுக்குக் கீழே இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேறு துறையிலிருந்து. மின்னஞ்சல் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கக் கூடாது, பிரிவின் பெயரில் இருக்கட்டும். நான் கட்டியதில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை இந்த இரண்டையும் செய்தவை மட்டும்தான். மற்றவை எனக்குப் பிரிவு உபசாரம் நடந்த வருடமே படுத்துவிட்டன.

ஆபீஸ்_சூப்பிரண்டு
அந்த மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வையுங்கள். பேராசிரியர் மாற்றலாகிப் போய், அவரைத் தேடி வந்த கடிதங்கள் திறக்கப்படாமலே கிடந்த கதை நிறைய.

தக்கலைக்காரி
எல்லோருக்கும் நன்றி. முதல்வரிடம் நாளை சொல்லப் போவது இதுதான்: காலாவதியான ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க மாட்டேன், இந்த வருடம் எங்கள் துறைப் பேப்பர்களுக்கு மாட்யூல் கையேடு தயாரிப்பேன், ஒரே ஒரு ஆன்லைன் கூட்டு வகுப்பு நடத்துவேன், வரலாற்றுத் துறை டீச்சரையும் கூடப் போட வேண்டும். சம்மதித்தால் பொறுப்பை ஏற்கிறேன், இல்லையென்றால் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். தூத்தூர் அண்ணன், தாத்தாவைப் பார்க்க ஒரு நாள் வரலாமா?

ஜெர்மனித் தம்பி, நேரம் எப்படி ஒத்துவரும்? எங்கள் கல்லூரி மூன்றரைக்கு முடிந்துவிடும். நிறையப் பிள்ளைகள் பஸ்ஸில் பேச்சிப்பாறை, அருமனை பக்கமெல்லாம் போக வேண்டும்.

ஜெர்மனி_குழித்துறை
ஐரோப்பா என்றால் சமாளிக்கலாம் அக்கா. கோடை நேரத்தில் வித்தியாசம் மூன்றரை மணி, அங்கே மதியம் 2 என்றால் இங்கே காலை 10.30. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றுவார்கள், அதன்பிறகு நாலரை மணி, அதாவது 9.30. அந்த வாரத்தில் மட்டும் இரண்டு பக்கமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு வகுப்பு மற்ற வகுப்புக்காகக் காலியான திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இங்கே குளிர்காலச் செமஸ்டர் வகுப்புகள் பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான் தொடங்கும், அப்போது உங்களுக்குச் செமஸ்டர் முடிகிற நேரம். அதனால் ஜனவரி, பொங்கல் கழிந்த வாரங்களைப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் வகுப்பு நடக்கும்.

தூத்தூர்க்கடல்
வாங்க டீச்சர். ஞாயிறு வேண்டாம், கோயிலுக்குப் போயிருப்பார். முன்னாடி ஒரு போன் போட்டுவிட்டு வாருங்கள், கடலுக்குப் போகிற ஆள் இல்லை இப்போது, ஆனாலும் வீட்டில் இருக்கமாட்டார்.